பாடகனுக்கு இருக்கிற இடம் பந்தாடுகிறவனுக்கு ஏன் இல்லை?

தேசிய சேவைக்கான கொள்கையை வகுப்பவர்களுக்கும், சிங்கப்பூர்க் காற்பந்தை நடத்துபவர்களுக்கும்,

என் இளைய மகன் கோல்கீப்பர். 2008-இல் பிறந்தவன். இரண்டு ஆண்டுக் கட்டாயத் தேசிய சேவைக்கு அழைப்பு வந்துவிட்டது. சேவையில் இருக்கும்போது ஒழுங்காகக் காற்பந்துப் பயிற்சி செய்ய அவனுக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதியிருந்தேன். வந்த பதிலில் நன்றியும் வாழ்த்தும் போக மிஞ்சியது ஒரே ஒரு வரி: பயிற்சிக்கு அனுமதி தருவது அந்தந்தப் பிரிவுத் தலைவரின் முடிவுக்கு உட்பட்டது. மூத்தவனுக்காகக் கேட்டபோதும் இதே வரிதான் வந்தது. அந்த வரி அவனை என்ன செய்தது என்பதை வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவன் நான். அதனால்தான் இந்த முறை தனியாக எழுதாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிப் பேர் இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடுவார்கள். நான் விலக்கு கேட்கவில்லை. ஒத்திவைக்கவும் சொல்லவில்லை. கார்ப்பரலும் அதற்கு மேற்பட்டவர்களும் இரண்டரை ஆண்டு இருந்த காலத்தில் சேவை செய்தவன் நான், அதற்குப் பிறகு ரிசர்விஸ்ட் என்ற போர்க்காலப் படைப் பயிற்சியும் முடித்தவன். 2018-இல் இங்கிலாந்தின் ஃபுல்ஹம் குழுவில் ஒப்பந்தமான இளம் ஆட்டக்காரர் பென் டேவிஸுக்குச் சேவை ஒத்திவைப்பு மறுக்கப்பட்டபோது காப்பிக்கடையில் எங்கள் மேசையே இரண்டாகப் பிரிந்து கத்திக்கொண்டது. நான் அப்போது உங்கள் பக்கம்தான் பேசினேன், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. இரண்டு ஆண்டும் எல்லாருக்கும் பொது. அந்த இரண்டு ஆண்டுக்குள் ஒருவனை எங்கே வைக்கிறீர்கள், என்ன வேலை கொடுக்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

மூத்தவன் லெஃப்ட் பேக், இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரன். ஒரு குழுவின் இளையர் அணியில் ஆடிக்கொண்டிருந்தான். 17 வயதில் பெரிய அணியோடு பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அடிப்படைப் பயிற்சிக்காகத் தெக்கோங் தீவு. அடிப்படைப் பயிற்சி ஒன்பது வாரம் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதில் யாருக்கும் குறை இல்லை. முதல் முறை புக் அவுட் ஆகி, அதாவது முகாமிலிருந்து விடுப்பில், வீட்டுக்கு வந்தபோது குதிகாலில் இரண்டு பக்கமும் தோல் உரிந்திருந்தது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு புளோக்குக்குக் கீழே பந்து தட்டினான். அதெல்லாம் பெரிதில்லை, ஆறிவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அவனை ஒரு பண்டகசாலையில் போட்டார்கள். முகாம் தீவின் மேற்கு மூலை, குழுவின் திடல் கிழக்கில். மாலை வேலை முடிந்து, உடை மாற்றி, பேருந்தும் எம்ஆர்டி ரயிலும் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் மற்றவர்கள் உடம்பைச் சூடாக்கி, பந்தைக் கைமாற்றி, ஐந்துக்கு ஐந்து ஆடத் தொடங்கியிருப்பார்கள். ஆனாலும் போனான். அவனுடைய முதல் மேலதிகாரி நல்ல மனிதர். வாரத்தில் இரண்டு மாலை விடுவார், ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைக்குக் காவல் கடமையை மாற்றிப் போட உதவுவார். சில மாதங்களில் அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லாரும் ஒன்றுபோலத்தான் இருக்க வேண்டும், ஒருவனுக்கு மட்டும் சலுகை தந்தால் மற்றவர்கள் கேட்பார்கள் என்றார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அதுவும் சரிதான். கையில் எழுதிய விதி எதுவும் இல்லாதபோது அவர் வேறென்ன செய்வார்?

அதற்கப்புறம் அவனுடைய கைப்பேசியில் பயிற்றுநருக்குப் போன செய்திகள் எல்லாம் ஒரே மாதிரி. “கோச், இன்றைக்கு முடியவில்லை, காவல் கடமை.” “கோச், மன்னிக்கவும், விடவில்லை.” பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். பிறகு அந்தக் கட்டைவிரலும் நின்றுபோனது. குழுவையும் நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு வாரா வாரம் ஆட்டம் இருக்கிறது. நடுவில் ஒரு சனிக்கிழமை, இரவெல்லாம் காவல் நின்றுவிட்டு நேராகத் திடலுக்கு வந்து இரண்டாம் பாதியில் இறங்கினான். லெஃப்ட் பேக்கின் வேலையே முன்னால் ஓடிவிட்டுத் திரும்பி ஓடி வருவதுதான். முன்னால் ஓடினான். திரும்பி வர முடியவில்லை. அவன் விட்ட இடத்தில்தான் கோல் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், அவன் என் மகன் என்று தெரியாமல், “இந்தப் பையனுக்கு மூச்சே இல்லையே” என்றார். மூச்சு இருந்தது, தூக்கம்தான் இல்லை.

சேவை முடிந்து வந்தபோது மூட்டை தூக்குகிற உடம்பு இருந்தது, பந்தோடு திரும்புகிற உடம்பு இல்லை. குழு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது சரக்குக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறான். பண்டகசாலை அனுபவம் அதற்கு உதவியது என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான்.

தேசிய அணியில் இருப்பவர்களுக்குப் பயிற்சிக்கும் போட்டிக்கும் நேரம் ஒதுக்குகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். நல்லதுதான். ஆனால் 18 வயதில் எத்தனை பேர் தேசிய அணியில் இருக்கிறார்கள்? அதற்கு இரண்டு படி கீழே நிற்கிறவன்தான் அந்த இரண்டு ஆண்டில் மேலே ஏற வேண்டியவன். அவனுக்குத்தான் எதுவும் இல்லை.

இத்தனைக்கும் இந்த நாட்டில் வழி இருந்தது. 1996-இல் எஸ்-லீக் என்ற நம் தொழில்முறை லீக் தொடங்கியபோது ஆயுதப் படைக்கு ஒரு குழு இருந்தது. பிறகு வாரியர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்தக் குழு ஒன்பது முறை லீக் வென்றது, 2006 முதல் 2009 வரை தொடர்ந்து நான்கு முறை. 2010-இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் காம்பா ஒசாகாவோடும் சுவோனோடும் ஒரே பிரிவில் ஆடியது. காவல்துறையின் அணி 1997-இல் ஹோம் யுனைடெட் ஆனது. குடிமைத் தற்காப்பு உள்ளிட்ட உள்துறைப் பிரிவுகளுக்கெல்லாம் சேர்த்து அந்தப் பெயர். அதுவும் 1999-லும் 2003-லும் லீக் வென்றது. சீருடையில் இருக்கும் பையன் போய்ச் சேர இரண்டு கதவுகள் இருந்தன. 2020 பருவத்தில் வாரியர்ஸ் நிதிச் சிக்கலால் லீக்கை விட்டு வெளியே நின்றது. அதே 2020-இல் ஹோம் யுனைடெட் தனியார் கைக்குப் போய் லயன் சிட்டி செய்லர்ஸ் ஆனது. செய்லர்ஸ் நன்றாக ஆடுகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் ஒரே ஆண்டில் இரண்டு கதவும் மூடியபோது, இனி சேவைக்குப் போகிற பையன்கள் எங்கே ஆடுவார்கள் என்ற கேள்விக்கு உருப்படியான பதில் ஒன்றை நான் இன்றுவரை கேட்கவில்லை.

லீக்கில் யங் லயன்ஸ் என்ற இளையர் அணி இருக்கிறதே என்பீர்கள். 2003 முதல் இருக்கிறது, சேவையில் இருந்த பையன்களும் அதில் ஆடியிருக்கிறார்கள். ஆனால் அது தேசிய இளையர் அணிக்காக உருவானது. சேவைக்குப் போகிற ஆட்டக்காரர்களுக்கு இடம் கொடுப்பதற்காக உருவானதில்லை. ஒரு கோல்கீப்பர் ஆடினால் இன்னொருவன் பெஞ்சில் உட்கார்வான், மூன்றாமவனுக்கு அங்கே வேலை இல்லை. என் இளையவன் அநேகமாக மூன்றாமவன்.

இப்போது தென்கொரியாவைப் பாருங்கள். 1953-இல் போர்நிறுத்தம் மட்டுமே கையெழுத்தானது, சமாதான ஒப்பந்தம் இன்னும் ஆகவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் வடகொரியாவிடம் அணு ஆயுதம் இருக்கிறது. தற்காப்பு எங்களுக்கு விளையாட்டில்லை என்று சொல்ல அவர்களைவிட உரிமை உள்ளவர்கள் யார்? அந்த நாட்டு ராணுவம் 1984-இலிருந்து ஒரு விளையாட்டுப் படைப்பிரிவையே நடத்துகிறது. பெயர் சாங்மு. அதன் காற்பந்து அணி 2003-இல் குவாங்ஜு நகரத்தின் பெயரோடு அந்த நாட்டின் கே லீக்கில் சேர்ந்தது, 2011-இல் சாங்ஜுவுக்குப் போனது, 2021 முதல் கிம்சொன் நகரத்தில் இருக்கிறது. அணியில் ஆடுகிற எல்லாருமே கட்டாய சேவையில் இருக்கிறவர்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர் கிடையாது. சாங்மு யாரையும் விலைக்கு வாங்குவதில்லை, விற்பதும் இல்லை. ஆட்டக்காரன் விண்ணப்பிக்கிறான், தேர்வானால் எல்லாரையும் போல அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டு அணிக்கு வருகிறான். படைவீரனுக்குக் கொடுக்கும் படிப்பணம்தான் அவனுக்கும். 18 மாதம் முடிந்ததும் தன் பழைய குழுவுக்கே திரும்பிப் போகிறான். கோல் போட்டால் ஓடிப்போய்ச் சட்டையைக் கழற்றுவதில்லை. வரிசையாக நின்று சல்யூட் அடிக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

2014 உலகக் கிண்ணத்தில் ரஷ்யாவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி லீ கியூன் ஹோ தூரத்திலிருந்து ஓர் அடி அடித்தார். பந்து கோல்கீப்பரின் கையில் பட்டு நழுவி உள்ளே போனது. கொரியாவின் அந்த ஆட்டக்காரர் அப்போது சாங்முவில் சேவை செய்துகொண்டிருந்த சார்ஜண்ட். உலகக் கிண்ணத்திலும் சல்யூட்தான் அடித்தார். பந்தை நழுவவிட்ட அக்கின்ஃபெயெவ் ஆடியது சிஎஸ்கேஏ மாஸ்கோவுக்கு, ஒரு காலத்தில் சோவியத் ராணுவத்தின் அணியாக இருந்த குழு. (இளையவன் கோல்கீப்பர் என்பதால் அந்தக் காட்சியை எங்கள் வீட்டில் அடிக்கடி போட்டுப் பார்ப்பது உண்டு. பாவம் அக்கின்ஃபெயெவ்.) 2022 உலகக் கிண்ணத்தில் கானாவுக்கு எதிராக மூன்று நிமிட இடைவெளியில் தலையால் இரண்டு கோல் போட்ட சோ கியூ சுங், அதே ஆண்டு செப்டம்பரில்தான் கிம்சொன் சாங்முவில் சேவை முடித்து வெளியே வந்தவர். ஓ ஹியோன் கியூ இன்னும் சின்ன வயதிலேயே சேவையை முடித்துவிடலாம் என்று 19 வயதில் சாங்முவில் சேர்ந்தார். பிறகு ஸ்காட்லாந்தின் செல்டிக் குழுவுக்குப் போனார். என் மூத்தவனை விட்டால் செல்டிக்குக்குப் போயிருப்பான் என்று சொல்ல வரவில்லை. நம் லீக்கில் ஆடியிருப்பான், அவ்வளவுதான். அதுவே எனக்குப் போதும்.

சாங்முவில் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். காசு வாங்கிக்கொண்டு ஆட்ட முடிவை முன்கூட்டியே தீர்மானித்த 2011 ஆட்ட நிர்ணய ஊழலில் அதன் ஆட்டக்காரர்களும் சிக்கினார்கள். சொற்பப் படியில் வாழ்கிற பையன்களைச் சூதாட்டக்காரர்கள் எப்படி வளைப்பார்கள் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2012-இல் ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தொழில்முறைக் குழு விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று அவர்களைக் கீழ்ப்பிரிவுக்கு இறக்க முடிவானபோது, மீதி ஆட்டங்களை ஆட மாட்டோம் என்று வெளியேறினார்கள். நகரம் மாறுவதால் 2020-இல் நான்காவதாக முடித்தும் கீழே இறங்க வேண்டியிருந்தது. பருவத்தின் நடுவில் ஒரு தொகுதி சேவை முடித்துப் போனால் அணியே கலைந்து திரும்பச் சேர வேண்டும். இத்தனைக்கும் 2024-இல் முதல் பிரிவில் மூன்றாம் இடம். அவர்களுடைய காவல்துறை அணியின் கதை வேறு. 2018-இல் இரண்டாம் பிரிவை வென்ற ஆசான் அணிக்கு, காவல்துறை புது ஆட்டக்காரர்களை எடுப்பதை நிறுத்தியதால் மேல்பிரிவுக்குப் போகிற வாய்ப்பே பறிபோனது. பிறகு அணியும் இல்லாமல் போனது. மேலிடத்தில் ஒருவர் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி. அதனால்தான் எழுதிய விதி கேட்கிறேன்.

சிங்கப்பூர் சின்ன ஊர், ஆள் பற்றாக்குறை, ஒவ்வொரு சிப்பாயும் தேவை என்பதுதான் உங்கள் வழக்கமான பதில். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஆயுதப் படைக்கு ஓர் இசை நாடகக் குழு இருக்கிறது. பாடத் தெரிந்தவன், ஆடத் தெரிந்தவன், மேடையில் நிற்கத் தெரிந்தவன் அங்கே சேவை செய்கிறான். அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை, அதுவும் ஒரு பணி. படைக்கு இசைக்குழுவும் இருக்கிறது. மருத்துவம் படிக்க இடம் கிடைத்தவனைச் சேவையின் நடுவில் விடுவித்துப் படிக்க அனுப்புகிறீர்கள், நாட்டுக்கு மருத்துவர் வேண்டும் என்பதால். இதில் எதற்கும் நான் எதிரி இல்லை. டிரம்பெட் வாசிக்கிறவனின் உதடு இரண்டு ஆண்டு சும்மா இருந்தால் கெட்டுப்போகும் என்று புரிந்துகொண்ட அமைப்புக்கு, கோல்கீப்பரின் கை கெட்டுப்போகும் என்பது ஏன் புரியவில்லை? முப்பது பையன்களைச் சேர்த்தால் தற்காப்பு ஓட்டையாகிவிடும் என்று எந்தத் தளபதியும் நேருக்கு நேர் சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

காற்பந்தை நடத்துபவர்களிடமும் ஒரு கணக்கு கேட்கிறேன். 2034 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறுவது இலக்கு என்று 2021-இல் பெரிய திட்டம் அறிவித்தீர்கள். 2010-க்குப் போவோம் என்று 1998-இல் சொன்னது எங்களுக்கு மறக்கவில்லை, இருந்தாலும் இந்த முறையும் கைதட்டினோம். 2034-இல் 26 வயதில், அதாவது உச்சத்தில், இருக்கப் போகிறவன் 2008-இல் பிறந்தவன். இளையர் திட்டம், பள்ளித் திடல், வெளிநாட்டுப் பயிற்றுநர் என்று நீங்கள் செலவழித்த பையன் அவன்தான். அவன் இப்போதுதான் தெக்கோங் படகில் ஏறப் போகிறான். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூரில் அவன் வயதுப் பையன் அடுத்த இரண்டு ஆண்டும் தினமும் காலையில் திடலில் நிற்பான். இந்த இரண்டு ஆண்டை யாருடைய நல்ல மனசுக்கோ விட்டுவிட்டு 2034 என்று பேசுவது சரியில்லை.

என் கோரிக்கைகள் இவை.

தற்காப்பு அமைச்சும் உள்துறை அமைச்சும் சேர்ந்து, தேசிய சேவையாளர்களுக்கென ஒரு காற்பந்து அணியை ஒரு பணிப்பிரிவாகவே அமைக்க வேண்டும். அடிப்படைப் பயிற்சியை எல்லாரோடும் சேர்ந்து முடித்த பிறகுதான் அதில் சேரலாம். தேர்வு திறந்த திடலில், முன்கூட்டியே அறிவித்து, எல்லாக் குழுப் பையன்களுக்கும், குழு இல்லாத பையன்களுக்கும் பொதுவாக நடக்க வேண்டும். யாருடைய மகன் என்று பார்க்கக் கூடாது. வெளிநாட்டு ஆட்டக்காரர் வேண்டாம், கூடுதல் சம்பளம் வேண்டாம், கிண்ணம் வெல்ல வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். காலையில் பயிற்சி, மாலையில் படை வேலை என்று வையுங்கள். அவசரம் வந்தால் துப்பாக்கியைத் தூக்க அவர்களும் தயாராக இருக்க வேண்டும்.

காற்பந்துச் சங்கம் அந்த அணிக்கு லீக்கில் நிலையான இடம் தர வேண்டும். சேவைக்குப் போகிற ஆட்டக்காரனின் பதிவை அவனுடைய குழு அந்த இரண்டு ஆண்டும் வைத்திருக்க வேண்டும், திரும்பி வந்ததும் ஒரு முழுப் பருவமாவது வாய்ப்புத் தர வேண்டும் என்று விதி போட வேண்டும். ஆட்ட நிர்ணயக்காரர்கள் நெருங்காதபடி தனிக் கண்காணிப்பும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

அணி அமைக்க நாளாகும் என்று தெரியும். அதுவரைக்கும் லீக் குழுக்களில் பதிவான எல்லாச் சேவையாளர்களுக்கும் வாரத்தில் இரண்டு மாலையும் ஆட்ட நாளும் விடுப்பு என்று எழுத்தில் ஒரு விதி கொண்டுவாருங்கள். மேலதிகாரி மாறினாலும் அது மாறக் கூடாது. பணியின் தேவையால் மறுக்க வேண்டி வந்தால் காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும். மேல்முறையீடு செய்ய முகாமுக்கு வெளியே ஒரே ஓர் இடம் இருக்கட்டும். திடலுக்குப் பக்கத்து முகாமில் போட முடிகிற பையனைப் பக்கத்திலேயே போடுங்கள். இதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

இன்னொன்று. 2020-க்குப் பிறகு, சேவைக்குப் போகும்போது லீக் குழுக்களின் பட்டியலில் இருந்த பையன்கள் எத்தனை பேர், சேவை முடித்த ஓராண்டில் எத்தனை பேர் பட்டியலில் மிச்சம் இருந்தார்கள் என்ற கணக்கை வெளியிடுங்கள். அது உங்களிடம் இருக்கும், அல்லது ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம். அந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இவ்வளவு நீளமாக நான் எழுத வேண்டியிருந்திருக்காது.

பதிலை எனக்குத் தனியாக மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம், பொதுவில் வெளியிடுங்கள். அடுத்த தொகுதி சேவைக்குப் போவதற்குள் வெளியிடுங்கள். ‘அந்தந்தப் பிரிவுத் தலைவரின் முடிவு’ என்ற வரி மட்டும் அதில் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
காற்பந்தாடும் இரண்டு சேவையாளர்களின் தந்தை,
ஈசூன்